மூன்றாம் நாள், பதினோரு சதவீதம்

மறுபடியும் அந்தத் துளி. வயரைச் செருகியதும் போன் ஒருமுறை அதிர்ந்து, ‘டொய்ங்’ என்று ஒலித்து, மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு நீர்த்துளியைக் காட்டுகிறது. சார்ஜிங் போர்ட்டில் ஈரம் கண்டறியப்பட்டுள்ளது, கேபிளை அகற்றவும். யார் கண்டறிந்தார்கள் என்று அது சொல்வதில்லை. எப்படி வந்தது என்று கேட்பதும் இல்லை, நல்லவேளை. அகற்றிவிட்டேன். பதினோரு சதவீதம். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, எதிரே முக்காலியில் மடித்த துண்டின் மேல் போனை வாய் கீழாகச் சாய்த்து வைத்திருக்கிறேன், பூரணி சொன்னபடி. பூரணி என் அண்ணன் மகள். மெல்போர்னில் இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அப்பா இறந்து இன்று மூன்றாம் நாள். அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிகிறது. பதினாறாம் நாள் வரை அது அணையக் கூடாதாம், ஆனால் விசிறி ஓடாவிட்டால் போன் காயாது, ஆகவே விளக்கைச் சுற்றிப் பழைய பிஸ்கட் டின்னின் மூடியை நிறுத்தி வைத்திருக்கிறேன். சுடர் மூடிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஆடுகிறது. இறந்தவனுக்கு ஒரு தீ, எனக்கு ஒரு காற்று, நடுவில் தகரம். அண்ணன் இருந்தால், என்ன மங்கை, உன் லேபா இது என்று கேட்டிருப்பான். முப்பத்து நான்கு வருடம் பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு, உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும், தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கும் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்ததனால்தான் இந்தத் துளி என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போலப் படுகிறது.

‘அத்தை, அந்த வீடியோவ அனுப்புங்க’ என்று நேற்றுக் காலையில் ஒரு செய்தி வந்தது. மாலையில், ‘அத்தை?’ என்று மட்டும். இன்று காலையில் அவளே கூப்பிட்டாள். “போன்ல தண்ணி பட்டுட்டும்மா, சார்ஜ் ஏற மாட்டேங்கு. அதான் ரொம்பத் தொடாம வச்சிருக்கேன்” என்றேன். இது வரைக்கும் உண்மை. “தண்ணி எப்படி அத்தை பட்டுச்சு?” என்றாள். “மழை” என்றேன். வாய் முந்திக்கொண்டுவிட்டது. பாளையங்கோட்டையில், மே மாதம் பத்தொன்பதாம் தேதி, பக்கத்து மொட்டைமாடியில் போட்டிருக்கிற வடகம் காலை பத்து மணிக்கே திருப்பிப் போடத் தயாராகிவிடுகிற வெயிலில், மழை. “அங்க மழையா?” என்றாள் மெதுவாக. அவள் கையில் இருக்கிற போனே உலகத்தில் எந்த ஊரில் என்ன வெயில் என்று சொல்லும். “சரி அத்தை” என்றாள். அந்தச் ‘சரி’யைத்தான் காலையிலிருந்து திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் கோபம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும், அதுவும் இல்லை. ஏதோ ஒன்று தெரிந்து, அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி ஒரு ‘சரி’. தண்ணி பட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பிறகு வரிசையாகச் சொன்னாள். வாய் கீழாக வையுங்க, காத்து படட்டும், ஊதாதீங்க, குச்சி விடாதீங்க. அப்பாவை எரித்த மறுநாளுக்கு மறுநாள் ஒரு பெண் இவ்வளவு பொறுமையாகப் பேசலாமா. பொறுமை மனிதர்களை எவ்வளவு சுடுகிறது என்று பொறுமைசாலிகளுக்குத் தெரிவதில்லை.

அந்த வீடியோ நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இந்தப் போனைத் தவிர வேறெங்கும் இல்லை. முதல் நாள் போனில் நாற்பத்தைந்து சதவீதம் இருந்தது, அப்போதே அனுப்பியிருக்கலாம். துக்கம் விசாரித்து வந்த அழைப்புகளையெல்லாம் எடுத்துப் பேசினேன், மின்வாரியத்தில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், என் பழைய மாணவிகள், எவ்வளவு தைரியமா இருக்கீங்க மேடம் என்று சொன்னவர்கள். பேசப் பேச இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டேனா. இதுதான், இந்த இடத்தில்தான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் சேலை மாட்டுவது போல, இழுத்தால் கிழியும். அணைந்துபோனால் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பதினாறு முடிகிற வரை நான் வெளியே போக மாட்டேன், அதற்குள் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம், பாவம், மழையில் நனைந்த போன். பத்து சதவீதம். அன்றைக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். பூரணிக்கு வீடியோ காலில் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். சித்தப்பா மகன் சங்கரலிங்கம், கொள்ளி வைக்க வேண்டியவன், “மாசமா இருக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் காட்டலாமாக்கா” என்றான். “அவ அப்பாவை அவ பாக்கா. உனக்கு என்னடே” என்றேன். முற்றத்தில் நின்ற அத்தனை ஆண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, அழுகையின் நடுவில், நான் என்னை மெச்சிக்கொண்டேன். வண்டி கிளம்பியபோது நானும் போவதாகத்தான் இருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று வகுப்பில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கால்சியம் பாஸ்பேட்டும்தானே, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் மீறியிருப்பேன். யாரும் தடுக்காததால் கேட் வரை போனேன், அங்கே கால் நின்றுவிட்டது. போனை மட்டும் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்து அனுப்பினேன். திரையில் பூரணி அழுதுகொண்டிருந்தாள், சின்னதாக, உள்ளங்கை அளவுக்கு. பிறகு பெண்களெல்லாம் குளித்தோம். வீட்டைக் கழுவிவிட்டோம். வாசலில் பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் கலந்து வைத்தது நான்தான். வருகிறவர்கள் தெளித்துக்கொள்ளட்டும், அவர்களுக்காக, என் நம்பிக்கைக்காக அல்ல, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கலந்தேன்.

ஆண்கள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்கள், தெளித்துக்கொண்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். போனை அங்கேயே மறந்துவிட்டதாகச் சங்கரலிங்கம் தலையைச் சொறிந்தான். காரியத்தில் இறங்க வேண்டியிருந்ததால் அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மாவிடம் கொடுத்தானாம். அஞ்சு மணி இருக்கும், கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயதுக்குள். “மேடம், என்னைத் தெரியுதா. சந்தனமாரி. கெமிஸ்ட்ரி, ரெண்டாயிரத்து ஆறு செட்டு” என்றாள். முகம் தெரியவில்லை, கை தெரிந்தது. பியூரெட்டின் திருகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கடைசித் துளி விழுந்து கரைசல் இளஞ்சிவப்பாகிற அந்தக் கணத்தில் சட்டென்று நிறுத்துகிற கை. மற்றவர்களுக்கு எப்போதும் இரண்டு துளி கூடிவிடும். இவளுக்குக் கூடவே கூடாது. “அந்த மயானத்தை நடத்துத டிரஸ்ட்ல இன்சார்ஜா இருக்கேன் மேடம், வீட்டுக்காரர் போன பிறகு. உங்க அண்ணன்னு எனக்கு முதல்ல தெரியல. உள்ள தகரக் கூரை, டவர் இல்ல, கால் கட்டாயிட்டு. அதனால சார் முகத்த வீடியோ எடுத்து வச்சிருக்கேன். அவங்க மகளுக்கு அனுப்பிருங்க” என்று சொல்லி இரண்டு கையாலும் போனை நீட்டினாள். பரிசு வாங்குகிற மேடையில் நீட்டுவது போல. என் கை எழவில்லை. தலையில் துண்டு, இடுப்பில் ஈரச் சேலை, கை மட்டும் யாருடையதோ போலத் தொங்கியது. “அந்தக் கல்லு மேல வச்சிரும்மா” என்றேன். குழாயடியில் இருக்கிற துணி துவைக்கிற கல். வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிக் கேட் வரை போனாள். அவள் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன், அப்படி நினைத்ததாகத்தான் நினைக்கிறேன். செம்பை எடுத்தேன். தெளிக்கவில்லை, ஊற்றினேன். முன்பக்கம், பின்பக்கம், திருப்பி ஓரங்கள். ஒரு குழந்தையின் முகத்தைக் கழுவுகிற மாதிரி. அப்போது கேட்டருகிலிருந்து குரல் வந்தது. “மேடம், பாத்து. சார்ஜ் போடுத இடத்துல தண்ணி போயிரும்.”

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை. லேபில் யாராவது அமிலக் குப்பியை ஓரமாக வைத்தால், பாத்து, விழுந்துரும் என்று சொல்வார்களே, அது. எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம், யார் பேசினாலும் சொற்களை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொள்வேன். அந்த வாக்கியம் ஒரு பாட்டின் அடியைப் போல அமைந்துவிட்டது. பாத்து என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு போயிரும் என்று கீழே இறங்கிப் படிகிற முடிவு. பல் தேய்க்கும்போது கேட்கிறது. விளக்குக்கு எண்ணெய் விடும்போது கேட்கிறது. ஒன்பது சதவீதம். அன்றே வீடியோவைப் பார்த்தேன். அண்ணன் முகம். நெற்றியில் விபூதி கலைந்திருக்கிறது, ஒரு கை வந்து, அவள் கை, அதைத் துடைத்துச் சரியாக இடுகிறது. “தங்கச்சி, அப்பா முகத்த நல்லாப் பாத்துக்கோங்க. அவசரம் இல்ல, நான் அவங்கள நிக்கச் சொல்லியிருக்கேன்” என்கிறாள். யாரோ ஒரு ஆண் நேரமாகுது என்கிறான். “ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி, அவங்க ரொம்ப தூரத்துல இருக்காங்க” என்கிறாள். பிறகு போன் கொஞ்சம் ஆடி, அவள் முகம் ஓரமாகத் தெரிகிறது. “தங்கச்சி, நான் உங்க அத்தைக்கிட்ட படிச்ச பிள்ளை. கிரகணத்தன்னைக்கு எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கையில எங்கள லேபுக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு கடலைமிட்டாய் தந்து, தின்னுங்கட்டி, ஒண்ணும் ஆவாதுன்னாங்க. மேடத்துக்கு இந்தத் தீட்டு தீண்டல் ஒண்ணும் கிடையாது. இந்த வேலைக்குக் கேட்டப்ப எல்லாரும் வேண்டாம்னாங்க, நான் மேடத்த நெனச்சுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னேன். நீங்க பயப்படாம பாருங்க.” நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. மூன்று முறை பார்த்தேன். அதில் அண்ணன் இருக்கிறான், நான் பார்க்க வேண்டியது அவனைத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கடலைமிட்டாய்க்காகக் காத்திருந்தேன், அடி வாங்கப் போகிறவள் பிரம்பையே பார்த்துக்கொண்டிருப்பது போல.

இதை எப்படி அனுப்புவது. அனுப்பினால் பூரணி பார்ப்பாள், நம்புவாள், என் அத்தை என்று பெருமைப்படுவாள். அனுப்பாவிட்டால் அவள் அப்பாவின் முகம் அவளுக்கு இல்லை. அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிடலாம், எனக்கு வெட்டத் தெரியும், கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தைத் தொட்டால் போதும். நேற்று அது வரை போனேன். சந்தனமாரியின் முகத்தின் மேல் கத்தரிக்கோல் படம் நின்றது, விரலை எடுத்துக்கொண்டேன். தீட்டு என்று ஒன்று இருக்கட்டும், அது சாவுக்கு உள்ளது, அவளுக்கு உள்ளது அல்ல என்று ஒரு பக்கம் எனக்கு நானே வக்கீல். அண்ணன் போன அதிர்ச்சி, கை தன்னால் செய்தது, எழுபத்திரண்டு வயதில் உடம்புக்குள் அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நான் என்ன செய்ய. காது குடையும் பஞ்சுக் குச்சியை நேற்று அந்தத் துவாரத்துக்குள் விட்டேன், பூரணி வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பு. மஞ்சளாக வெளியே வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் அதைத் தொட்டேன், சிவந்துவிட்டது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், முதலாண்டுப் பாடம். கடையில் இதைத் திறந்து பார்க்கிற எவனுக்கும் தெரிந்துவிடும், என்னம்மா, போனுக்குச் சடங்கு வச்சீங்களா என்று கேட்பான். குச்சியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாமல், ஏனோ, குளியலறை ஜன்னலில் செருகி வைத்தேன்.

“டீச்சரக்கா.” உலகம்மை. அடுத்த வீடு. பேராசிரியர் என்று எத்தனை முறை சொல்லியும் இந்தத் தெருவுக்கு நான் டீச்சர்தான். கையில் தூக்குச்சட்டி. இந்த வீட்டில் இன்னும் சில நாளைக்கு அடுப்பு சரியாக எரியாது என்று அவள் கணக்கு. “காலைலருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கிய. மிளகு ரசமும் பருப்புத் துவையலும்தான், ரெண்டு வாய் சாப்பிடுங்க. என்ன, இன்னுமா காயல?” இல்லை என்று தலையாட்டினேன். “அரிசிப் பானைக்குள்ள போட்டு வைங்க. எங்க அவிய போனு போன வருஷம் வாளியில விழுந்துட்டுல்லா, அரிசிக்குள்ள பொதைச்சு வச்சேன். சாயங்காலம் மறந்துபோய் அப்படியே அள்ளிக் களைய ஆரம்பிச்சுட்டேன். கையில கல்லு கணக்கா தட்டுப்படவும்தான் பிழைச்சுது. அவிய அன்னைலருந்து யாரு கூப்பிட்டாலும், எட்டி, சோத்துக்குள்ளருந்து பேசுத மாதிரி கேக்குன்னு சொல்லுவாவ.” சிரித்துவிட்டேன். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் தெம்பில், “கழுவுனேன் உலகம்மை” என்றேன். உலகம்மை வெள்ளி, செவ்வாய் தவறாமல் அம்மன் கோவில் போகிறவள், யாராவது சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தன் வீட்டுக் கொடியில் கிடக்கிற துணியைக் கூட நனைப்பவள். அவளுக்குப் புரியும், செய்ய வேண்டியதுதானே அக்கா என்பாள், எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது தெரிகிறது, அந்த வாக்கியத்துக்காகவே இரண்டு நாளாக அவள் வருவதை எதிர்பார்த்திருக்கிறேன். “என்னத்த?” என்றாள். “போனை. அங்க போயிட்டு வந்ததுல்லா.” உலகம்மை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். “போனையா? போனை யாரும் கழுவுவாவளாக்கா. எங்க அவிய அங்கருந்து வந்ததும் சட்டைய வாளியில போட்டாவ, போனத் தூக்கி டிவி மேல வச்சாவ. குளிச்சிட்டு வாரதுக்குள்ள மூணு தடவ அடிச்சுது. நான்தான் எடுத்து, அவிய குளிக்காவ, பொறவு கூப்பிடுங்கன்னேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி உங்க முற்றத்துல நின்னுதான, காரியம் முடிஞ்சுட்டுன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டாவ. நீங்க படிச்சவிய, என்னென்னத்தையோ பாக்கிய.” துவையலில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்விட்டாள். விளக்கு மூடிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. சங்கரலிங்கம் முற்றத்தில் நின்று பேசினான். ஆமாம், பேசினான். நான் பார்த்தேன். நெருப்பு வைத்த கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, என் கிணற்றடியில், என் துளசிச் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசினான், நான் அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு கையில் டம்ளர் வாங்கி, இன்னொரு கையில் போனோடு, சீனி போதும்க்கா என்றான். அன்று சுடுகாட்டிலிருந்து எத்தனை போன்கள் இந்த வீட்டுக்குள் வந்தன. பத்து இருக்கும், பன்னிரண்டு இருக்கும். எல்லாம் ஈரம் படாத சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. எதன் மேலும் நான் ஒரு சொட்டுத் தெளிக்கவில்லை. என்னுடையதை மட்டும் கழுவினேன். அதுவும் சாவின் அருகில் போய் வந்ததுதான், மற்றவையும் போய் வந்தவைதான், ஆக, சாவைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது. இரண்டு பக்கமும் பொதுவாக உள்ளதை அடித்துவிடு என்று கரும்பலகையில் எத்தனை சமன்பாட்டைச் சரிசெய்திருக்கிறேன். மிஞ்சுவது அந்தக் கை. முதலாண்டு அட்டென்டன்ஸில், ஸ்காலர்ஷிப் படிவத்தில், அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சாதிக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக என் ஞாபகத்தில் அது இல்லை என்று இந்த நிமிடம் வரை சத்தியம் செய்திருப்பேன். முகத்தை மறந்துவிட்டேன். அந்தக் கட்டத்தை மறக்கவில்லை. அவள் கல்லின் மேல் போனை வைத்தபோது ஏன் என்று கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தவள் போல வைத்தாள், கல்லை ஏற்கெனவே பல வீடுகளில் பார்த்தவள் போல. கடலைமிட்டாய்கூட நான் கொடுத்தது எப்படி என்று இப்போது தேடுகிறேன். பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்து எடுத்துக்கோங்கட்டி என்றேனா, கையில் கொடுத்தேனா. எவ்வளவு யோசித்தாலும் மேசைதான் தெரிகிறது. ஏழு சதவீதம்.

அனுப்பிவிட்டேன். எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. வெட்டவில்லை. முழுதாகப் போகட்டும். வட்டம் மெதுவாகச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, அணைந்துபோ என்று ஒரு மனம் அதனிடம் கெஞ்சியது, அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு மனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து சதவீதம் என்றபோது ஒரு டிக், பிறகு இரண்டு, பிறகு நீலம். அங்கே மாலை ஏழு மணி இருக்கும். நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடியை நானும் இங்கே உட்கார்ந்து எண்ணினேன். இப்போது விபூதி. இப்போது ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி. இப்போது கடலைமிட்டாய். பிறகும் ஒன்றும் வரவில்லை, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறாள் போல. ரசத்தின் மணம் மூடிக்குள்ளிருந்து கசிந்து வந்தது, பசித்தது, பசித்ததற்கும் வெட்கமாக இருந்தது. பிறகு செய்திகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ‘அத்தை. அப்பா முகம் தூங்குற மாதிரி இருக்கு.’ ‘இத்தன நாள் கண்ண மூடினா ஆஸ்பத்திரி முகம்தான் வந்துச்சு. இனிமே இது வரும்.’ அதன் பிறகு நீளமாக ஒன்று. ‘சந்தனமாரி அக்கா என் நம்பர் வாங்கி வச்சிருந்தாங்க. முந்தாநாளே மெசேஜ் பண்ணிட்டாங்க. நான்தான் ஈரக் கையோட போனப் புடிச்சுட்டேன், தண்ணி உள்ள போயிருக்கும், மேடத்த சார்ஜ் போடாமக் காய வைக்கச் சொல்லுங்க, தப்பு என்னோடதுன்னு. நீங்க என்னடான்னா அவங்கள விட்டுக்குடுக்காம மழைங்கிறீங்க. மே மாசத்துல மழை. எனக்கு அப்பவே சிரிப்பும் அழுகையுமா வந்துச்சு அத்தை. உங்கள மாதிரி ஒரு டீச்சருக்கு அப்படி ஒரு ஸ்டூடண்ட்.’

மூன்று சதவீதம். படித்துவிட்டு விசிறியைப் பார்த்தேன், அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் ‘சரி’க்குள் இதையா மடித்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு கதவு திறந்துவிடப்பட்டிருக்கிறது, அதுவும் சந்தனமாரி திறந்துவிட்டது, வெளியே நின்றுகொண்டு எனக்காக. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆமாம்மா, நல்ல பிள்ளை என்று மூன்று சொல் எழுதினால் போதும். பொய்கூட அல்ல. சந்தனமாரி சொல்ல மாட்டாள், உலகம்மை மெல்போர்னுக்குப் போகப் போவதில்லை, குளியலறை ஜன்னலில் இருக்கிற குச்சி பேசாது. பிறக்கப் போகிற குழந்தைக்கும் ஒரு நாள் பூரணி சொல்லுவாள், எனக்கு இப்படி ஒரு அத்தை இருந்தாங்க என்று. எழுதத் தொடங்கினேன். ‘பூரணி, அந்தத் தண்ணீர் அவள் கையிலிருந்து வந்ததல்ல, அவள் கைக்காக வந்தது.’ எழுதியதைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஓசை சரியாக விழுந்திருந்தது, இரண்டு கைகளும் இரண்டு பக்கம் நின்றன. இதைப் படித்துவிட்டு அவள் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீங்க அத்தை என்று சொன்னாலும் சொல்லுவாள். அந்த அழகைப் பார்க்கக் கூசியது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். இரண்டு சதவீதம். இனி எழுதினால் திருத்துவேன், திருத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன். கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். “சொல்லுங்க அத்தை.” குரல் அழுது முடித்த குரல். “பூரணி, குறுக்க பேசாமக் கேளு. போன் அணைஞ்சிரும். சந்தனமாரி ஈரக் கையால ஒண்ணும் பிடிக்கல. மழையும் இல்ல. நான்தான் கழுவுனேன்.” “எத அத்தை?” “போனை. அவ வந்து குடுத்ததும் கையில வாங்கல. கல்லு மேல வைக்கச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்ட நிக்கையிலயே மஞ்சத் தண்ணிய எடுத்து ஊத்துனேன். அவ பாத்துக்கிட்டு நின்னா.” அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். யாரோ தூரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். “எல்லாரோட போனையுமா கழுவுனீங்க?” என்றாள் கடைசியில். அந்தக் கேள்வியை வந்தடைய எனக்கு இரண்டு நாளும் ஓர் உலகம்மையும் வேண்டியிருந்தது, அவளுக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. “இல்ல” என்றேன். “ஏன்?” போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு சதவீதம். திரை மங்கியிருந்தது. இப்போது அணையும், அணைந்தால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மீதியை ஈரம் விழுங்கிவிட்டது என்று ஆகிவிடும், என்று எண்ணிக்கொண்டு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணையவில்லை. மீண்டும் காதில் வைத்தேன். அவள் மூச்சு கேட்டது. “ஏன் அத்தை?” என்றாள் இன்னொரு தடவை, இப்போது கொஞ்சம் சத்தமாக. வாயைத் திறந்து, சந்தனமாரி படித்தபோது அவள் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.